நோகிற இடம்

சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, இராகுலன் பின்னறைக் கதவைச் சாத்தினான். உள்ளே முதலாம் வருடப் பொடியன்கள் ஏழு பேர், பெனியனும் சாரமுமாகச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மட்டிக்களியில் களப்பைப் பார்த்தபடி இருக்கும் அந்த மாணவர் போடிங் வீட்டின் சொந்தக்கார அம்மா சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போனால் மத்தியானம் கழித்துத்தான் வருவார். அதனால்தான் அந்த நாள், அந்த நேரம்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிப்பது ஆறு பாடம். ஏழாம் பாடம் இந்த அறையில் நடக்கும். படிப்பிப்பவர்கள் மூன்றாம் வருட சீனியர்மார், அவர்களுக்குள் தலைவன் இராகுலன். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவரின் மூத்த மகன், மோட்டார் இயந்திரவியல் படிக்கிறவன், குரலும் தோளும் அகலமானவன். பகிடிவதை, ராகிங் என்று யாரும் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நாங்க பொடியங்களுக்கு அறிவு குடுக்கிறம்" என்பான்.

அந்த அறிவு என்ன என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரு சொட்டு வெளியேறினால் நாற்பது சொட்டு இரத்தம் போய்விடுமாம். முதல் இரவில் இரத்தம் காணாவிட்டால் அந்தப் பெண் ஏற்கெனவே கெட்டவளாம். கொண்டம் போட்டால் ஆண்மை போய்விடுமாம். எயிட்ஸ் உள்ளவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமாம். அத்தனையும் சுத்தப் பொய். இதையெல்லாம் இராகுலனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவனுக்கு முந்திய சீனியர், அந்தச் சீனியருக்குச் சொன்னவன் அதற்கும் முந்தியவன். மிச்சத்தைக் கைபேசி சொல்லிக் கொடுத்தது.

பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இராகுலன் படித்த பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் நல்ல மனிதர், மற்ற அலகுகளையெல்லாம் படம் கீறிப் படிப்பித்தவர். இனப்பெருக்கம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை வீட்டில வாசிச்சுக் கொள்ளுங்கோ என்று சொல்லி அடுத்த அலகுக்குத் தாவிவிட்டார். வீட்டில் எவன் வாசித்தான்? அம்மா கண்டால் என்ன நினைப்பா என்று அந்தப் பக்கங்களை ஒட்டியே வைத்தார்கள்.

அன்றைக்கும் இராகுலன் வரிசையின் முன்னால் நடந்து நடந்து கேள்வி கேட்டான். ஒரு சொட்டுக்கு எத்தனை சொட்டு இரத்தம் என்பது முதல் கேள்வி. நாற்பது அண்ணா, நாற்பது அண்ணா என்று ஒவ்வொருத்தனாகச் சொல்லிக்கொண்டு வந்தான்கள். மூன்றாவதாக நின்றவன் லதுசன். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் ஆனந்தராசாவின் ஒரே மகன், இருபத்தொரு வயது, எலும்பும் தோலுமான பொடியன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணா. புத்தகத்தில வேற மாதிரிக் கிடக்கு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டான். இராகுலனுக்குக் காது மடல் சிவந்தது. லதுசனின் கன்னத்தில் விழுந்த அறை அறையெங்கும் கேட்டது. இரண்டாவது அறையில் அவன் தலை சுவரில் மோதியது. புத்தகத்தில் கிடக்கிறதாம், பெரிய டொக்டர் வந்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அடித்தான். மற்றச் சீனியர்மார் கைதட்டினார்கள். இராகுலனின் அறைக்கூட்டாளி றுவைஸ் மட்டும் யன்னலோரம் நின்று களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணியாவைச் சேர்ந்த அவனுக்கு இந்தக் கூத்து பிடிக்காது, ஆனால் பிடிக்காது என்று வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு கடைசிப் பயிற்சி. அதற்கு ஆம்பிளைச் சோதனை என்று பெயர். காலை அகட்டி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். சீனியர் கவட்டுக்குள் முழங்காலால் ஒரு இடி இடிப்பான். சத்தம் போடாமல் நிற்கிறவன் ஆம்பிளை, குனிகிறவன் பொட்டை. இராகுலனும் முதலாம் வருடத்தில் வாங்கியவன்தான், ஒரு கிழமை காலை அகட்டி நடந்து திரிந்தவன்தான். தனக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவன்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவன் கணக்கு.

வரிசையில் முதலாவது அகீல். இடி விழுந்ததும் அவன் முகம் கறுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பாஸ் என்றான் இராகுலன். இரண்டாமவனுக்குச் சும்மா ஒரு தட்டு. லதுசனுக்கு முன்னால் வந்ததும் இராகுலனின் காதில் அந்தச் சிரிப்பு திரும்பக் கேட்டது. ஒரு அடி பின்னால் போய், முழங்காலை விட்டுவிட்டு, பந்தை உதைப்பது போலக் காலைத் தூக்கி உதைத்தான்.

லதுசன் கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்து, தின்ற பாண் முழுவதையும் சீமெந்துத் தரையில் சத்தியெடுத்தான். வேர்வை அவன் நெற்றியில் முத்து முத்தாக வந்தது. பொட்டை என்று யாரோ சொன்னான், ஆனால் இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று அவனை இராகுலனின் அறைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினார்கள். சரியாகவில்லை. புழுப்போலச் சுருண்டு, இரண்டு கையையும் தொடைக்குள் வைத்துக்கொண்டு அனுங்கினான். வீங்குது அண்ணா என்று இரண்டு தரம் சொன்னான். எங்கே வீங்குகிறது, காட்டு என்று கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. ஏழாம் பாடம் படிப்பிக்கிற வீரர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

இராகுலன்தான் வைத்தியம் சொன்னான். வெயில் காலம், அடிபட்ட இடத்தில் சூடு ஏறிவிட்டது, அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அது சூடு. ஒருத்தன் ஓடிப்போய் இரண்டு தெம்பிலி இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். குசினியில் இருந்து வெந்தயம் வந்தது. தொப்புளில் நல்லெண்ணெய் விட்டார்கள், கால் பெருவிரலிலும் பூசினார்கள். குடித்த தெம்பிலியைப் பொடியன் குடித்த வேகத்திலேயே வெளியே எடுத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், எண்ணெய் பூசிப் பூசியே நேரத்தைத் தின்றார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது றுவைஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றான். சொல்லி முடிக்கவில்லை, இராகுலன் அவன் தொண்டையைப் பிடித்து அலுமாரியோடு சேர்த்து அழுத்தினான். அலுமாரிக் கண்ணாடி வெடித்தது. பகிடிவதை என்று வழக்கு விழுந்தால் மறியல் சிறைதான், படிப்பும் போய்விடும், அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதெல்லாம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறவனின் கைதான் இன்னும் பலமாக அடிக்கும் போலும். றுவைஸின் கண் பிதுங்கிய பிறகுதான் விட்டான்.

கடைசியில் பொடியன் மயங்குகிற மாதிரி வந்ததும் வேறு வழியில்லாமல் ஓட்டோ பிடித்தார்கள். லதுசனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு இராகுலன் ஏறினான். பார்ப்பவருக்கு அண்ணன் தம்பியைத் தாங்கிப் பிடித்திருப்பது போல இருக்கும். ஆனால் அவன் விரல்கள் லதுசனின் பிடரியை நெரித்துக்கொண்டிருந்தன.

"எங்க நோகுது எண்டு கேட்டா வயிறு. விளங்கிச்சா? வேற ஏதும் சொன்னியெண்டா, நிலாவெளியில உங்கட வீட்டு வாசலில வந்து நிண்டு, இவன் ஆம்பிளையே இல்லை எண்டு ஊருக்குச் சொல்லுவன்."

லதுசன் தலையை ஆட்டினான். சாவை விட அது அவனுக்குப் பயமாக இருந்தது. பாவம், அவனும் நம் ஊரில்தானே வளர்ந்தவன்.

ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டொக்டர் றுஷ்தா. இளவயது, முக்காடு போட்ட தலை, அலைச்சலில் சிவந்த கண். எங்க நோகுது என்று கேட்டார். வயிறு என்றான் லதுசன். படுக்க வைத்து வயிற்றை அமத்திப் பார்த்தார், அமத்திய இடத்தில் அவன் துள்ளவில்லை. அவர் நெற்றி சுருங்கியது.

"சில நேரம் விதையில பிரச்சினை எண்டாலும் வயிறுதான் நோகிற மாதிரி இருக்கும். அங்க நோ இருக்கா? அடி கிடி ஏதும் பட்டதா?"

முழங்கை என்று சொல்வது போல அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். இராகுலனுக்குத் தலைக்குள் ஏதோ சுள்ளென்றது. ஒரு பொம்பிளைப் பிள்ளை, முக்காடு போட்டுக்கொண்டு, இப்படியா கதைக்கிறது என்று நினைத்தான். பொடியனை உதைத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தவனுக்கு அந்த இடத்தில் வெட்கமாகப் பட்டது டொக்டரின் வாயில் வந்த சொல்தான், பாருங்கள்.

லதுசன் கண்ணைத் திருப்பி இராகுலனைப் பார்த்தான். இராகுலன் பல்லைக் கடித்தான். இல்லை என்றான் லதுசன். பார்க்க வேண்டும், பெண் டொக்டர் என்று கூச்சமாக இருந்தால் ஆண் டொக்டரை வரச் சொல்கிறேன் என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவன் சாரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வயிறுதான், வயிறுதான் என்று அழுதான். ஒருவர் வேண்டாம் என்கிறபோது சாரத்தை உரிய முடியுமா? குடல்வளரி, அதாவது அப்பெண்டிக்ஸ், வீங்கியிருக்கலாம் என்று இரத்தம் எடுத்து, ஸ்கானுக்கு எழுதி, வாட்டில் படுக்க வைத்து, எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடினார்.

தகவல் கேட்டு ஆனந்தராசா வந்து சேர்ந்தபோது அவர் காலில் இன்னும் கடல் மணல் ஒட்டியிருந்தது. வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள், வெயிலில் கருவாடாய்க் காய்ந்த முகம். அந்தக் கைகளால் இராகுலனின் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி நீங்க இல்லாட்டி என்ர பிள்ளையின்ர கதி என்ன என்று கண் கலங்கினார். கன்ரீனில் பணிசும் தேத்தண்ணியும் வாங்கிவந்து கொடுத்தார். இராகுலன் வாங்கிக் குடித்தான்.

மகனிடம் என்ன அப்பன் செய்யுது என்று கேட்டார். வயிறு என்றான் அவன். அவன் முழங்காலை மடக்கி, கையைத் தொடைக்குள் வைத்துக்கொண்டு கிடந்ததை அவர் கண்டார். ஒரு ஆம்பிளைக்குத் தெரியாதா? கண்டார், கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூடாகத்தான் இருக்கும், நான் தெம்பிலி வாங்கிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் போய்ச் சிறிது நேரத்தில் லதுசன் அனுங்குவதை நிறுத்தினான். இப்ப நோ குறைஞ்சிட்டுது அண்ணா என்று மெல்லச் சொன்னான். இராகுலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூடு இறங்கிவிட்டது, தப்பிவிட்டோம் என்று அவன் மனம் குதித்தது. உண்மையில் வீக்கம் போய்விட்டதா என்று ஒருதரம் பார்த்துவிடலாம் என்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போர்வையையும் சாரத்தையும் தூக்கினான்.

அவன் கண்டதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் மாங்காய் அளவுக்கு வீங்கி, கருநீலமாய், நாவற்பழம் போலக் கிடந்தது. நோ குறைந்தது சுகப்பட்டதால் இல்லை, உணர்ச்சி செத்துக்கொண்டிருந்ததால்தான். அந்த மருத்துவ விளக்கம் இராகுலனுக்குத் தெரியாது. ஆனால் இது சூடு இல்லை, இது தெம்பிலிக்கு அடங்குகிற காரியம் இல்லை என்று அவன் ஈரக்குலைக்குத் தெரிந்துவிட்டது.

வாட்டைவிட்டு ஓடினான். தாதி மிஸி ஒருவர் ஓடவேண்டாம் என்று சத்தம் போட்டார், நிற்கவில்லை. டொக்டர் றுஷ்தா வேறொரு கட்டிலடியில் நின்றார். அவர் முன்னால் போய் நின்றதும் அவனுக்கு வாய் அடைத்துக்கொண்டது. அந்த இடத்துக்கு அவனுக்கு எத்தனை பெயர் தெரியும்! ஏழாம் பாடத்தில் வாய் கூசாமல் கத்திய சொற்கள் அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. ஒரு டொக்டரிடம் சொல்லக்கூடிய சொல் அதில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடமாக அந்த அறையில் சேர்த்த அறிவு அவ்வளவுதான். கடைசியில் அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டான்.

"டொக்டர், வயிறு இல்லை. விதையில. நான்தான் உதைச்சனான். காலமை உதைச்சனான்."

டொக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். உடனே லதுசனின் கட்டிலுக்கு ஓடினார். திரை இழுபட்டது, மிஸிமார் ஓடினார்கள், தள்ளுவண்டி வந்தது. தெம்பிலியோடு திரும்பி வந்த ஆனந்தராசா கண்டது, தன் மகனை ஒப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் காட்சியைத்தான்.

சத்திரசிகிச்சை முடிந்து டொக்டர் றுஷ்தா வெளியே வந்தபோது வெளியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் பூசி மெழுகவில்லை. விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் உதை பட்டதில் முறுகிவிட்டது, காலையிலேயே வந்திருந்தால் முறுக்கை எடுத்துவிட்டு அநேகமாகக் காப்பாற்றியிருக்கலாம், சில மணித்தியாலம்தான் அவகாசம், அது கடந்துவிட்டது, ஒன்றை எடுக்க வேண்டி வந்துவிட்டது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஆனந்தராசாவுக்கு முதலில் விளங்கவில்லை. யார் உதைத்தது என்று கேட்டார். வாங்கில் உட்கார்ந்து குனிந்திருந்த இராகுலன் எழும்பினான்.

நான்தான் ஐயா என்றான்.

முதல் அடியில் அவன் முன்பல் ஒன்று நிலத்தில் விழுந்தது. ஆனந்தராசா அடிக்கிற விதம், ஆள் அடிக்கிற விதமாக இல்லை. கயிற்றைக் கையில் சுற்றி இழுப்பதுபோல அவன் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, சுவரில் மோதினார், திரும்பவும் மோதினார். கீழே விழுந்தவனை உதைத்தார். நீ குடிச்ச தேத்தண்ணி என்ர காசில குடிச்ச தேத்தண்ணியடா என்று சொல்லிச் சொல்லி உதைத்தார். பிறகு அங்கே கிடந்த கதிரையைத் தூக்கி அவன் மேல் போட்டார். இராகுலன் தலையைக் காக்கக் கையைத் தூக்கினான், முன்னங்கை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. காவலாளியும் இரண்டு சிற்றூழியர்களும் சேர்ந்து பிடித்துத்தான் ஆனந்தராசாவை இழுக்க முடிந்தது. இழுபடும்போது அந்த மனிதர் கத்தவில்லை, குழந்தைப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார்.

பொலிஸ் வந்தது. றுவைஸ் தானாக வந்து நடந்ததையெல்லாம் சொன்னான், நிற்காமல், கேட்காமலே சொன்னான், தான் பேசாமல் நின்றதையும் சேர்த்து. இராகுலனைக் கைதுசெய்து, கைக்கு மாக்கட்டுப் போட்டு, காவலுக்கு ஒரு பொலிஸ்காரரை வைத்து, அதே வாட்டில் படுக்க வைத்தார்கள். வேறு கட்டில் அன்றைக்கு இருக்கவில்லை. லதுசனின் கட்டில் எதிர்வரிசையில் இருந்தது.

ஞாயிறு காலை டொக்டர் றுஷ்தா லதுசனைப் பார்க்க வந்தார். வீங்கிய கண்ணிமையின் இடுக்கால் இராகுலன் பார்த்துக்கொண்டிருந்தான், காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டும் இருந்தான். லதுசன், எனக்குக் கலியாணம் செய்யலாமா டொக்டர் என்று கேட்டான். செய்யலாம், பிள்ளையும் பிறக்கும், ஒன்று நல்லபடி இருந்தால் போதும், மற்றதையும் இனி முறுகாதபடி தைத்துவிட்டிருக்கிறோம், உன் ஆண்மைக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அந்த நேரம் லதுசன் அழுத அழுகையைக் கேட்டு, இராகுலன் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்ட முதல் நேர்மையான வார்த்தை அதுதான்.

பின்னேரம் பார்வையாளர் நேரம். நிலாவெளியில் இருந்து மாமிமார், சித்தப்பாமார் என்று ஒரு கூட்டம் வந்து கட்டிலைச் சூழ்ந்தது. லதுசனோடு வரிசையில் நின்ற அகீலும் வந்திருந்தான். கட்டில் கால்மாட்டில் தனியாக நின்றான். மாமி ஒருவர், என்ன ஒப்பரேசன் அண்ணா என்று கேட்டார்.

ஆனந்தராசா போர்வையை மகனின் நெஞ்சுவரை இழுத்துவிட்டார். அது ஒண்டும் இல்லை, குடல்வளரி, எடுத்தாச்சு என்றார். ஊரில் நாளைக்கு ஒருத்தி பெண் கொடுக்க யோசிப்பாளே என்ற கவலை அந்தத் தகப்பனுக்கு. ஐயோ பாவம் என்று மாமிமார் உச்சுக்கொட்டினார்கள். லதுசன் கண்ணை மூடிக்கொண்டான்.

இராகுலன் பார்த்துக்கொண்டிருந்தது அகீலை. அவன் நின்ற நிலை சரியில்லை. காலை அகட்டி, ஒரு கையைக் கட்டிற் சட்டத்தில் ஊன்றி, மற்றக் கையால் சேட்டை இழுத்து முன்னால் மறைத்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வேர்வை. நேற்று முதல் இடி இவனுக்குத்தான் விழுந்தது என்பது இராகுலனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ் என்று சொன்னதும் அவன் வாய்தான்.

வாய் திறந்தால் இன்னொரு பொடியன், இன்னொரு குற்றம். இராகுலனுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு கணம் கண்ணை மூடிப் படுத்தான். மூடிய கண்ணுக்குள் அந்தக் கருநீலம் வந்து நின்றது. கிழிந்த உதட்டோடு எழும்பி உட்கார்ந்தான்.

"அகீல், உனக்கும் நோகுதா?"

இல்லை அண்ணா, சும்மா வயித்துக் குத்து என்றான் அகீல். அதே பொய், அதே சொல்.

"மிஸி, டொக்டரைக் கூப்பிடுங்கோ. இவனுக்கும் நான்தான் விதையில இடிச்சனான். இவனையும் பாருங்கோ, நேரம் போகுது."

வாயை மூடு, இன்னொரு வழக்கு உன் தலையில் ஏறும் என்றார் காவலுக்கு இருந்த பொலிஸ்காரர். ஏறட்டும் சேர், முதல் அவனைப் பாக்கச் சொல்லுங்கோ என்றான் இராகுலன். மாமிமார் வாயில் சேலைத் தலைப்பை வைத்தார்கள். ஆனந்தராசா திரும்பினார், முகம் இரத்தமாகச் சிவந்தது, கை ஓங்கியபடி இராகுலனின் கட்டிலுக்குப் பாய்ந்தார். பொலிஸ்காரர் எழும்பி நடுவில் நின்றார்.

"அப்பா, அவரை அடிச்சது காணும், விடுங்கோ" என்றான் லதுசன். குரல் மெலிந்துதான் வந்தது, ஆனால் வாட்டு முழுக்கக் கேட்டது. "எனக்குக் குடல்வளரி இல்லை. நான் நேற்று வயிறு எண்டு பொய் சொன்னபடியால்தான் ஒண்டு போனது. இப்ப நீங்களும் பொய் சொல்லுறீங்க. அதைக் கேட்டு அகீலும் பொய் சொல்லுறான்."

அகீலின் முகம் உடைந்தது. நேற்றில இருந்து நோகுது, வீங்கியும் கிடக்கு, வாப்பாவிட்ட சொல்ல வெக்கமாக் கிடந்தது என்று சொல்லிக்கொண்டே கட்டிற் காலடியில் குந்திவிட்டான். மிஸி ஓடிவந்தார், பின்னாலேயே டொக்டர் றுஷ்தா. திரை மறைவில் பார்த்துவிட்டு வெளியே வந்து, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, இன்றைக்கே செய்தால் காப்பாற்றலாம், நாளைக்கென்று விட்டிருந்தால் உறுதி சொல்ல முடியாது என்றார். தள்ளுவண்டி வர முந்தியே, அகீலை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கியவர் ஆனந்தராசா. கதிரையைத் தூக்கி அடித்த அதே மனிதர், முட்டை தூக்குவது போலப் பொடியனைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் கிடத்திவிட்டு, அவனுடைய வாப்பாவுக்கு யாராவது உடனே அறிவியுங்கள் என்று சொல்லித் திரும்பி வந்தார்.

வந்தவர் இராகுலனின் கட்டிலடியில் நின்றார். இராகுலன் அடிக்குத் தயாராகத் தலையைக் குனிந்தான். அவர் அடிக்கவில்லை. நீ செய்ததுக்கு மறியலுக்குப் போகத்தான் வேணும், நானே வந்து சாட்சி சொல்லுவன் என்றார். ஓம் ஐயா, போகத்தான் வேணும் என்றான் இராகுலன். பிறகு அவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். ஒருத்தருக்கும் கேட்காமல் போகக்கூடாது என்பதுபோலச் சத்தமாகவே சொன்னார்.

"ஒப்பரேசன் வயித்தில இல்லை. என்ர மகனுக்கு விதையில. ஒண்டை எடுத்தாச்சு. அவன் கையை எங்க வச்சுக்கொண்டு கிடந்தவன் எண்டு நான் கண்டனான். கண்டும் கேக்கேல்ல. வெக்கத்தில தெம்பிலி வாங்கப் போனனான். இந்தப் பொடியன் காலால உதைச்சான், நாங்க எல்லாரும் வாயை மூடி உதைச்சம். வீட்ட போனதும் உங்கட பொடியங்களையும் பெட்டையளையும் கூப்பிட்டு இருத்திச் சொல்லுங்கோ. உடம்பில எந்த இடத்தில நொந்தாலும் அந்த இடத்தின்ர பேரைச் சொல்லி, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வரோணும். பேரைச் சொன்னா மானம் போகாது. சொல்லாம விட்டாத்தான் பிள்ளை போகும்."